மூணு சுழி

அன்புள்ள ஐயா,

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சூசன் கேர் பற்றித் தற்செயலாக ஒரு கட்டுரை வாசித்தேன். முதல் மேக்கின்டாஷ் கம்ப்யூட்டரின் சிரித்த முகம், வெடிகுண்டு, குப்பைத்தொட்டி எல்லாம் அவர் கை வேலை என்று தெரிந்த அன்று இரவு தூக்கமே வரவில்லை. கிராஃபிக் டிசைன்தான் என் வழி என்று முடிவெடுத்துவிட்டேன். எந்த லேப்டாப் வாங்கலாம்? எந்த சாஃப்ட்வேரில் தொடங்குவது? அப்பா சம்மதிக்கவில்லை. ஏஐ வந்தபின் இந்தத் தொழில் இருக்குமா என்றும் பயமாக இருக்கிறது.

ர.

அன்புள்ள ர.,

லேப்டாப் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பரணிலிருந்து என் பழைய கிராஃப் நோட்டு ஒன்றை இறக்கியிருந்தேன். பாதியைக் கரையான் தின்றிருந்தது. அதனால் தப்பித்தீர்கள்.

அப்பாவை விடுங்கள். எந்த அப்பா உடனே சரி என்றார்? பி.இ.யை முடித்துவிட்டு, டிசைன் படிப்புக்கான சீட் (CEED) நுழைவுத் தேர்வு எழுதினால் மும்பை ஐஐடியில் எம்.டெஸ். என்ற டிசைன் மேற்படிப்பு படிக்கலாம், அவரும் கொஞ்சம் இறங்கி வருவார். ஏஐ பற்றிய கவலை, ஏதாவது வரைந்தவர்களுக்கு. நீங்கள் இன்னும் ஒரு கோடுகூடப் போடவில்லையே.

என் கோபம் வேறு. அந்த அம்மாளைப் பற்றி இவ்வளவு உருகுகிறீர்கள், அவர் எதில் வரைந்தார் என்று ஒரு வார்த்தை இல்லை! ஆப்பிளில் மேக்கின்டாஷுக்கு சாஃப்ட்வேர் எழுதிய பள்ளித் தோழர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் படம் வரையக் கூப்பிட்டபோது அவர் ஓர் அருங்காட்சியகத்துக்காக முழு அளவில் காட்டுப்பன்றிச் சிற்பம் செய்துகொண்டிருந்தார். கம்ப்யூட்டருக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. முதலில் வாங்கியது கட்டம் போட்ட ஒரு நோட்டு. அகலத்தில் 32, உயரத்தில் 32, ஆக 1,024 கட்டங்கள். ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளி; கறுப்பு, இல்லையேல் வெள்ளை. சாம்பல் நிறம்கூடக் கிடையாது. அதற்குள் ஒரு குப்பைத்தொட்டி தொட்டியாகத் தெரிய வேண்டும். சின்ன வயதில் அம்மா கற்றுக்கொடுத்த, இழையை எண்ணிப் போடும் பூத்தையல்தான் 1983-இல் ஆப்பிளில் கைகொடுத்தது. நம் வாசல் புள்ளிக் கோலம் போட்ட கைக்கு இது உடனே புரியும்.

ஆப்பிள் கீபோர்டில் நான்கு மூலையிலும் சுழித்த சதுரம் ஒன்று இருக்குமே, அது வந்த கதை தெரியுமா? மெனு முழுக்க ஆப்பிள் சின்னமாக இருக்கிறதென்று ஸ்டீவ் ஜாப்ஸ் எரிந்து விழுந்தார். கேர் குறியீடுகளின் அகராதியைப் புரட்டி, சுவீடனில் பார்க்கத்தக்க இடங்களுக்கு வைக்கும் இந்தக் குறியைக் கண்டெடுத்தார். நாலு சுழி. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் மூணு சுழி ‘ண’தான் நினைவுக்கு வரும்.

1990-களில் சிவப்பு எழுத்து ஓடுகிற பலகை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். ஆங்கில எழுத்துக்கு 5 புள்ளி அகலம், 7 உயரம் போதும். தமிழுக்கு 16 வரிசை எடுத்தும் மூச்சு முட்டியது. சுழி என்றால் உள்ளே ஒரு கட்டமாவது காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுழி அடைத்துக்கொண்டு வெறும் பொட்டாகிவிடும். பக்கத்துப் பக்கத்துச் சுழிகள் நடுச்சுவரைப் பங்கு போட்டுக்கொண்டாலும் மூன்றுக்கு ஏழு கட்டம் போய்விடும். மேலே கூரை, கீழே கால். ‘ணி’ என்றால் அதற்கு மேல் ஒரு கொக்கி. பென்சிலால் நிரப்புவேன், பலகையில் ஏற்றுவேன், தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஓடிப்போய் நின்று பார்ப்பேன், திரும்பி வந்து அழிப்பேன். அழித்து அழித்து நோட்டில் ஓட்டை விழுந்த இடம், கரையான் விட்ட பாதியில் இன்னும் இருக்கிறது.

ஒருநாள் எதிர்ப்பக்கம் ஓடாமல் சோம்பலில் அனுப்பிவிட்டேன். ஒரு கல்யாண மண்டபத்துப் பலகை. மாட்டிய அன்று சாயங்காலம், போகிற போக்கில் சைக்கிளை நிறுத்திய பெரியவர் ஒருவர் அண்ணாந்து வாசித்தார்: “திருமன மண்டபம்.” பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, ஒரு சுழி எங்கே போச்சு?” என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். ஏணி போட்டுப் பலகையை இறக்கினேன். ஒரேயொரு கட்டம். நடுச்சுழிக்குள் இருந்த வெள்ளையை நான் நிரப்பிவிட்டிருந்தேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன்? நீங்கள் கேட்டது லேப்டாப் அல்லவா. வீட்டில் இருப்பதே போதும். முதலில் கடைக்குப் போய் ஒரு கிராஃப் நோட்டும் நல்ல ரப்பரும் வாங்குங்கள். 16-க்கு 16 கட்டத்தில் ‘ண’ போட்டு, சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று அப்பாவை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் ‘ன’ என்றால் அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். சரியாக வாசித்த அன்று படமெடுத்து அனுப்புங்கள், அதற்குக் கட்டாயம் பதில் போடுவேன். ‘ஸ்ரீ’ பக்கம் இப்போதே போகாதீர்கள். எனக்கு அதில் பதினோரு நாள் போனது.