'நைஸ்' என்றால் நல்லது என்று அர்த்தமா? புதிதாக வந்த ஒரு நர்ஸுக்கு

"அக்கா, இங்கிலாந்துக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. என் நோட்ஸைப் பார்த்து வார்டு சிஸ்டர் தினமும் 'நைஸ்' என்றுதான் சொன்னார். நேற்று ஒரு படிவம் கொடுத்தார். அதில், எழுத்து வேலையில் இன்னும் மேற்பார்வை தேவை என்று போட்டிருக்கிறார். இவர்களுக்கு வாயில் ஒன்று, மனதில் ஒன்றா? அப்புறம் வாடகை வீடு, குளிர் கோட், ஊருக்குப் பணம் அனுப்புவது பற்றியும் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறாய்.

நீ மார்த்தாண்டம், நான் நாகர்கோவில். அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். வாடகையும் பணம் அனுப்புவதும் உன்னோடு வந்த பிள்ளைகளைக் கேட்டாலே தெரிந்துவிடும். நான் அந்தக் காலத்தில் அனுப்பிய வழியெல்லாம் இப்போது உதவாது. இந்த 'நைஸ்' சமாச்சாரத்துக்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டும். 2002 நவம்பரில் நான் வந்து இறங்கியபோது என்னை அதிகம் அழவைத்த சொல் அது.

முதல் விஷயம், அந்த சிஸ்டர் உன்னிடம் பொய் சொல்லவில்லை. புதுப் பிள்ளை, பயந்துபோயிருக்கிறாள், வந்ததும் வராததுமாகக் குறை சொல்ல வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். 'நைஸ்' என்று சொன்னது உன் முகத்தைப் பார்த்து. படிவத்தில் எழுதியது உன் நோட்ஸைப் பார்த்து. இரண்டும் உண்மைதான்.

நம் ஊரில் இந்தச் சொல்லை நாம் வேறு மாதிரி வைத்திருக்கிறோம். உளுந்தை நைசாக அரை என்று அம்மா சொன்னால், விரலில் தொட்டுத் தேய்க்கும்போது ஒரு குருணைகூடத் தட்டுப்படக் கூடாது. 'நைசாகப் பேசிக் காரியத்தைச் சாதிச்சுட்டான்', 'நைசா நழுவிட்டான்' என்றால் அது வேறு வகை. அந்தச் சொல்லோடு நம் காதில் கொஞ்சம் கள்ளத்தனமும் ஒட்டிக்கொண்டேதான் வருகிறது. வாயில் ஒன்று மனதில் ஒன்று என்று உனக்குச் சட்டென்று தோன்றியதற்கு அதுவும் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் எனக்கு அமைந்த இடம் அந்தச் சந்தேகத்துக்கு ஏற்ற இடமாகவே இருந்தது.

நான் முதலில் வேலை செய்தது ஈஸ்ட்போர்னில், கடலைப் பார்த்த ஒரு முதியோர் இல்லத்தில். கடல் என்றதும் கன்னியாகுமரி மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனேன். மணலே இல்லை, கரை முழுக்கக் கூழாங்கல். அந்த நாட்களில் நம் ஊரிலிருந்து வரும் நர்ஸ்கள் அடாப்டேஷன் என்று சில மாதம் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டால்தான் பதிவு எண். அதுவரை கேரர், அதாவது பராமரிப்பு உதவியாளர் சம்பளம்தான். மூன்று மாதம் என்று சொல்லி அழைத்து வந்தவர்கள் ஏழு மாதம் இழுத்தார்கள். இல்லத்தின் உரிமையாளர் வெள்ளிக்கிழமை தோறும் வருவார். "யூ ஆர் எ நைஸ் கேர்ள்" என்பார். அடுத்த மூச்சில், "இட் வுட் பி நைஸ் இஃப் யூ குட் டூ சண்டே" என்பார். முதலாவது பாராட்டு, இரண்டாவது கேள்வி என்று நினைத்து, ஞாயிறு ஞாயிறாகப் போனேன். இரண்டாவது கேள்வியே இல்லை, உத்தரவு. முதலாவது அந்த உத்தரவுக்குப் போட்ட சர்க்கரை.

அதனால் இதை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்: 'இட் வுட் பி நைஸ்' என்று யாராவது ஆரம்பித்தால் உடனே தலையாட்டாதே. "ரோட்டா பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல். ரோட்டா என்றால் டியூட்டி அட்டவணை. வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரம் என்பது இங்கே சட்டம். அதைத் தாண்டி உன்னை வேலை வாங்க வேண்டுமென்றால் நீ எழுத்தில் சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். சேரும்போது நீட்டிய காகிதக் கட்டில் அந்தச் சம்மதப் படிவமும் இருந்திருக்கலாம், எடுத்துப் பார். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். நீ அப்படிச் செய்யாதே மக்களே.

சரி, அந்த இல்லத்திலேயேதான் இந்தச் சொல்லை எனக்குப் பிரித்துக் காட்டிய பாட்டியும் இருந்தார். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், தொண்ணூறை நெருங்கும் வயது. மூன்று மணி டீ என் பொறுப்பு. நம் கைப்பழக்கத்துக்குப் பாலைத் தாராளமாக விட்டு, இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுப்பேன். "தட்ஸ் நைஸ் ஆஃப் யூ, டியர்" என்பார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்று வாரம் அதே டீ. ஒரு நாள் கோப்பையை எடுக்கப் போனால் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது, மேலே ஆடை படிந்து, ஓரமாக ஒரு மிடறு மட்டும் குடித்த தடம். பிடிக்கவில்லையா என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "நைஸ் ஆஃப் யூ என்றுதான் சொன்னேன். டீ நைஸ் என்று நான் சொல்லவே இல்லையே."

அந்த 'ஆஃப் யூ'வில்தான் எல்லாம் இருக்கிறது. கொடுத்தவளின் மனசுக்கு நன்றி சொல்லியிருக்கிறார், டீயைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அன்றிலிருந்து சர்க்கரை இல்லாமல், பால் ஒரு சொட்டு.

அதோடு விடவில்லை அவர். அலமாரியில் இருந்த கனத்த இரண்டு தொகுதி அகராதியில் ஒன்றை என்னை எடுத்துவரச் சொன்னார். கட்டிலில் போர்வை மேல் விரித்து, பூதக்கண்ணாடியை வைத்து, நகத்தால் வரி வரியாகத் தள்ளிக்கொண்டே வாசித்தார். மருந்து டிராலி வாசலில் நிற்கிறது. நான் ஒரு காலை அறைக்கு உள்ளே, ஒரு காலை வெளியே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

'நைஸ்' என்பதற்கு மூலம் 'நெஸ்கியுஸ்' என்ற லத்தீன் சொல். 'ஸ்கிரே' என்றால் அறிதல், முன்னால் உள்ள 'நெ' இல்லை என்பதைக் குறிக்கும். அதாவது அறிவில்லாதவன். 'சயின்ஸ்' பிறந்ததும் அதே அறிதல் வேரிலிருந்துதான். பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது ஒருவரை 'நைஸ்' என்றால் முட்டாள் என்று பொருள். என்னை வெள்ளிக்கிழமை தோறும் அப்படித்தானே அழைக்கிறார்கள் என்று அந்த நிமிடம் எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது.

அப்புறம் சொல் நடக்க ஆரம்பிக்கிறது. ஒழுக்கம் தளர்ந்தவர், ஆடம்பரக்காரர், எதிலும் நொட்டை சொல்பவர், கூச்சக்காரர், மென்மையானவர் என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு அர்த்தத்தில் பயன்படுத்தியிருக்கிறது. 16, 17ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் எந்த அர்த்தத்தில் வருகிறது என்று அகராதிக்காரர்களுக்கே சில இடங்களில் பிடிபடவில்லை. நொட்டை சொல்பவர் நுணுக்கமும் பார்ப்பார் அல்லவா, அந்த வழியில் 1500களில் 'துல்லியமான' என்ற பொருள் வந்து சேர்ந்தது. 'எ நைஸ் டிஸ்டிங்க்ஷன்' என்று இன்றும் சொல்வார்கள். நல்ல வேறுபாடு என்று அதற்கு அர்த்தம் இல்லை, மயிரிழை வேறுபாடு. நம் அம்மாமார் அரைக்கச் சொல்லும் நைஸும் இதற்குப் பக்கத்து வீடுதான் என்று எனக்குப் படும். இன்று நாம் கேட்கும் 'இனிமையான' என்ற பொருளுக்கு எழுத்தில் சான்று 1760களின் கடைசியில்தான் கிடைக்கிறது. அன்பானவர் என்ற பொருள் அதற்கும் பிறகு, 19ஆம் நூற்றாண்டில்.

வந்த வேகத்தில் அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஜேன் ஆஸ்டின் இறந்த பிறகு 1817 கடைசியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபே' நாவலில் ஹென்றி டில்னி என்ற இளைஞன் இதைச் சொல்லியே ஒரு பெண்ணைச் சீண்டுவான்: நாளும் நைஸ், நடையும் நைஸ், நீங்கள் இருவரும் நைஸ், எல்லாவற்றுக்கும் உதவுகிற சொல் என்று. ஆதியில் நேர்த்திக்கும் நளினத்துக்கும் மட்டுமே இது இருந்திருக்கும் என்றும் சொல்வான். பாட்டி அந்தப் பக்கத்தையும் எடுத்து வாசித்துவிட்டு, "அவனுக்கும் ஆதி தெரியவில்லை பார்" என்றார். அகராதி பக்கத்திலேயே திறந்து கிடந்தது.

அடுத்த வாரம் 'சில்லி'யைக் காட்டினார். அது நேர் எதிர்த் திசையில் போன சொல். பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச் சொல்லுக்குப் பேறு பெற்றவர், மகிழ்ச்சியானவர் என்று பொருள். ஜெர்மனில் 'ஸேலிக்' இன்னும் அந்தப் பொருளில் இருக்கிறது. பேறு பெற்றவர் சூதுவாது அறியாதவர் ஆனார், பிறகு பாவப்பட்டவர், பிறகு பலவீனர், 1500களின் பிற்பகுதியில் அசடு. முட்டாள் நல்லவராகவும், பாக்கியவான் அசடாகவும் இடம் மாறிவிட்டார்கள்.

எனக்கு அன்றைக்கு நம் 'நாற்றம்' ஞாபகம் வந்தது. ஆண்டாள் சங்கைப் பார்த்து "கருப்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ" என்று கேட்டது கண்ணன் வாயின் நறுமணத்தைப் பற்றி. இன்றைக்கு ஒருவர் வாயைப் பற்றி அப்படிச் சொன்னால் அடிதான் விழும். எனக்கிருந்த அரைகுறை ஆங்கிலத்தில் இதை விளக்கினேன். பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அந்தச் சொல்லைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். மருந்து அட்டையின் பின்பக்கத்தில் 'நாற்றம்' என்று எழுதிக் கொடுத்தேன். அதைத் தன் அகராதியில் 'நைஸ்' இருந்த பக்கத்தில் செருகி வைத்துக்கொண்டார். நான் இந்த நாட்டுக்கு வந்து, என்னிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை. அன்றிரவு அறைக்குப் போய் அழவில்லை.

இப்போது உன் படிவத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய மாதிரி வரியைப் பார்த்தேன்: 'பேஷன்ட் ஸ்லெப்ட் நைஸ்லி, கம்ஃபர்டபிள்.' சிஸ்டர் குறிப்பிட்டது இதைத்தான். எத்தனை மணிக்குத் தூங்கினார், எத்தனை முறை விழித்தார், வலி பத்தில் எத்தனை, எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தாய், குதிகாலில் தோல் எப்படி இருந்தது? அதைத்தான் எழுத வேண்டும். படுக்கைப்புண் வரக்கூடியவரைக் குறைந்தது 6 மணி நேரத்துக்கு ஒரு முறையும், ஆபத்து அதிகம் உள்ளவரை 4 மணி நேரத்துக்கு ஒரு முறையும் நிலை மாற்றச் சொல்லும் வழிகாட்டுதல் இருக்கிறது. அதை வெளியிடும் அமைப்பின் பெயரும் 'நைஸ்'தான்! 1999-ல் 'நேஷனல் இன்ஸ்டிடியூட் ஃபார் கிளினிக்கல் எக்ஸலன்ஸ்' என்று தொடங்கினார்கள். முதலெழுத்துகளைச் சேர்த்தால் அந்தச் சொல் வரும். இப்போது முழுப்பெயரை மாற்றிவிட்டார்கள், கூப்பிடுவது இன்னும் 'நைஸ்' என்றே. "வாட் டஸ் நைஸ் ஸே?" என்று மருத்துவர் கேட்டால் இவர்களைத்தான் கேட்கிறார். நாளைக்கு உன்னிடமும் கேட்பார்கள். விழிக்காதே.

சிஸ்டர் மறுபடி 'நைஸ்' என்றால் சிரித்துவிட்டு, "இதில் எதை மாற்றினால் இன்னும் நன்றாக இருக்கும்?" என்று கேள். அப்போது அவர் உள்ளே வைத்திருப்பதைச் சொல்வார். கேட்டால் சொல்லாதவர்கள் இங்கே குறைவு, கேட்காமல் சொல்பவர்களும் குறைவு. 'குவைட் குட்' என்றால் சுமார் என்று எடுத்துக்கொள். 'நாட் பேட்' என்று முகம் மலர்ந்து சொன்னால் வீட்டுக்கு ஃபோன் போட்டு அம்மாவிடம் சொல்லலாம், அது பெரிய பாராட்டு.

இன்னொன்று. சாப்பாட்டு அறையில் உன்னை உட்கார வைத்து, "வெள்ளைக்காரர் சிரித்தால் நம்பாதே" என்று பாடம் எடுக்கிற மூத்தவர்கள் நம்மவரில் உண்டு. இருபது வருடமாக ஒரே தெருவில் இருப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது. பேச்சின் ராகத்தைக் கேட்கப் பொறுமை இல்லாமல் ஒரு நாட்டையே பொய்யர்கள் என்று முடித்துவிட்டவர்கள். எனக்கு அவர்கள்மேல் வருத்தம் உண்டு. என்னை ஏழு மாதம் ஏய்த்தவரும் இந்த நாட்டவர்தான், எனக்குச் சொல் சொல்லிக்கொடுத்தவரும் இந்த நாட்டவர்தான். இரண்டு பேரும் சொன்னது ஒரே 'நைஸ்'. வித்தியாசத்தைக் கேட்கக் காது பழக வேண்டும், எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. இன்று புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நோட்ஸ் எழுதச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அவர்கள் எழுதும் தாளில் 'நைஸ்' என்று வந்தால் சிவப்பில் வட்டம் போடுகிறேன், கூடவே உட்கார்ந்து மாற்றி எழுத வைக்கிறேன்.

உன் ஊர் நூலகத்தில் உறுப்பினர் அட்டை வாங்கு, காசு கிடையாது. பல ஊர்களில் அந்த அட்டை எண்ணை வைத்தே பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதியை வீட்டிலிருந்து ஃபோனில் பார்க்கலாம். பாட்டியின் அகராதி இரண்டு தொகுதிதான், இது கடல். நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு சொல் பார்.

கோட் கேட்டிருந்தாய். புதிதாக வாங்கிக் காசைக் கரியாக்காதே, சாரிட்டி கடைகளில் நல்லதே கிடைக்கும். ஜிப் தாடை வரை ஏறுகிறதா, தலைமூடி காற்றுக்குப் பின்னால் போகாமல் நிற்கிறதா என்று மட்டும் போட்டுப் பார்த்து எடு.