கேள்வி - பதில்: வீட்டுக்குள் வரும் வெப்ப அலை

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. வெயிலில் தலைகாட்டுவதே இல்லை. பகல் முழுக்க ஃபேனுக்கு அடியில்தான். தண்ணீர் கொடுத்தால் ‘தாகமில்லை’ என்கிறார். இது போதாதா?

பதில்: போதாது. வெப்ப அலையில் இறக்கும் முதியவர்களில் பலர் வெளியே போகாதவர்கள்தான். வயது ஏற ஏற தாக உணர்வும் மங்கும், வியர்ப்பதும் குறையும். ஆகவே ‘தாகமில்லை’ என்ற பேச்சை நம்பாதீர்கள். மணிக்கு ஒரு டம்ளர், அவர் கேட்காமலே கையில் கொடுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடித்தது பற்றவில்லை. இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை, இருக்கிற காற்றை நகர்த்துகிறது, அவ்வளவுதான். தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. அறைக்காற்று அதைத் தாண்டிவிட்டால் ஃபேன் உடம்புக்குச் சூட்டைத்தான் ஊதும். வியர்வை ஆவியானால்தான் அது ஈடாகும். வியர்வையே குறைந்தவருக்கு அந்த ஈடு ஏது? 40 டிகிரிக்கு மேல் ஃபேன் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே இருந்தாலும் கை, கழுத்து, முகத்தை ஈரத்துணியால் அடிக்கடி துடைத்துவிடுங்கள். வியர்வை செய்யவேண்டிய வேலையை அந்த ஈரம் செய்யும்.

அறையில் ஒரு வெப்பமானி மாட்டுங்கள். பகலில் 32, இரவில் 24 டிகிரிக்குள் வைக்கப் பாருங்கள். இரவுக் கணக்கைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ராத்திரியும் தணியாவிட்டால் உடம்புக்கு ஓய்வே இல்லை. உள்ளேயைவிட வெளியே சூடாக இருக்கும்வரை ஜன்னலை மூடிவையுங்கள். வெயில் விழும் ஜன்னலுக்கு மறைப்பு வெளிப்பக்கம் இருக்கட்டும்: கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெப்பத்தைத் திரைச்சீலை முழுதாகத் தடுக்காது. வெளியே தணிந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

கேள்வி: ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் போகச் செய்யும் மாத்திரை) சாப்பிடுபவர் வெப்ப அலை நாட்களில் அதை நிறுத்திவிடலாமா?

பதில்: தானாக நிறுத்தக் கூடாது. எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவை அவர் மாற்றலாம். மனநலத்துக்கு லித்தியம் சாப்பிடுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். உடலில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறி நஞ்சாகிவிடலாம்.

கேள்வி: வெப்பத்தில் மயங்கியவருக்கு உடல் கொதிக்கிறது. பாராசிட்டமால் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். கிருமிக் காய்ச்சலில் மூளையே உடல் வெப்பத்தை ஏற்றி வைக்கிறது, மாத்திரை அதை இறக்குகிறது. இங்கே வெளியேற வழியில்லாமல் தேங்கிய சூடு. மாத்திரைக்கு அதில் வேலையில்லை, கல்லீரலுக்குத்தான் கேடு.

உளறல், தடுமாற்றம், வலிப்பு, மயக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலே வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) என்று வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். வியர்க்கிறதே என்று காத்திருக்காதீர்கள், வெப்பத்தாக்கிலும் வியர்க்கலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் படுக்கவைத்து, உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் துணி சுற்றிய ஐஸ் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

கேள்வி: நான்கு மாதக் குழந்தைக்குத் தண்ணீர்?

பதில்: தேவையில்லை. தாய்ப்பாலை இன்னும் அடிக்கடி கொடுங்கள். வெயிலுக்காகத் தள்ளுவண்டியைத் துணியால் மூடாதீர்கள். காற்று அடைபட்டு உள்ளே வெளியைவிடச் சூடாகிவிடும்.