கேஸ் கட்டு யாருடையது?

கேள்வி: அண்ணன் போட்ட பாகப்பிரிவினை வழக்கில் என் வக்கீலை மாற்ற நினைக்கிறேன். ஃபீஸ் பாக்கியைத் தந்தால்தான் கட்டைத் தருவேன் என்கிறார். வாய்தா தேதியும் சொல்வதில்லை. என்ன செய்வது? - வாசகி, திண்டிவனம்

பதில்: சகோதரி, முதலில் வாய்தாவைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம். சம்மனில் உள்ள வழக்கு எண்ணை வைத்து இ-கோர்ட்ஸ் செயலியில் தேடினால் அடுத்த தேதி தெரியும். அன்று யாரும் ஆஜராகாமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டால், அதை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். தாமதித்தால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லியாக வேண்டிவரும்.

கட்டு உங்களுடையது. ஃபீஸுக்காக அதைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது. பாக்கிக்கு அவர் தனியாக வழக்குப் போடலாம். கேட்டதை எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில். அசையவில்லையென்றால் வக்கீல்களை நெறிப்படுத்தும் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

புது வக்கீலுக்கு நீங்கள் எழுதித் தரும் அதிகாரப் பத்திரமான வக்காலத்துக்குப் பழையவர் 'ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்திடுவது வழக்கம். மறுத்தால் நீதிமன்ற அனுமதி கேட்டு மனுச் செய்யலாம். ஆனால் நியாயமான பாக்கி இருந்தால் கொடுத்துவிடுங்கள், ரசீது வாங்கிக்கொண்டு. என் கட்சிக்காரர்களிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொல்வேன்: வாய்தா, அன்று நடந்தது, கொடுத்த பணம். நீங்களும் இன்றே தொடங்குங்கள்.