வியாழக்கிழமைப் பட்டியல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் புதுச்சேரி குருசுக்குப்பத்தில் இருக்கிறோம். என் அண்ணன் குடும்பம் துலூஸில். விடுமுறைக்கு அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்திருக்கிறார்கள். சனிக்கிழமை இரவு பாரிஸில் பிரான்ஸ் – இங்கிலாந்து ரக்பி ஆட்டமாம். திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. "லிஸ்ட் வியாழக்கிழமை வரும் அத்தை, அதுக்கப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும்" என்கிறான் பெரியவன். எனக்குக் கிரிக்கெட் தெரியும், கபடி தெரியும். ரக்பி விதிகளை ஒரு வாரத்தில் கரைத்துக் குடிக்க முடியாது. ஆனால் இவர்கள் எதற்காக இப்படிக் காத்துக் கிடக்கிறார்கள் என்பதாவது புரிந்தால் நானும் கூட உட்காரலாம். ராத்திரி ஆட்டம் பார்க்க வீட்டில் என்ன ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்றும் எழுதுங்கள்.

ர., குருசுக்குப்பம்

அன்புள்ள ர. அவர்களுக்கு,

பெரியவன் சொன்னது சரி. பதினைந்து பேர் ஆடும் இந்த ரக்பி யூனியனில் அந்த 80 நிமிடத்தில் நடக்கப்போவதில் பாதி, அணிப் பட்டியல் வெளியாகும் அன்றே தெரிந்துவிடும். வாரம் முழுக்க அவர்கள் பேசுவது அதைப் பற்றித்தான். நீங்களும் அந்தப் பட்டியலைப் படிக்கப் பழகிவிட்டால் போதும், விதிகளை ஆட்டம் ஓட ஓடப் பிள்ளைகளே சொல்லித் தருவார்கள்.

பட்டியலில் 23 பேர் இருப்பார்கள். 1 முதல் 15 வரை களத்தில் இறங்குபவர்கள். 16 முதல் 23 வரை மாற்று ஆட்டக்காரர்கள். ரக்பியில் எண் என்பது ஆளுக்குச் சொந்தமானது இல்லை, அவர் நிற்கும் இடத்துக்குச் சொந்தமானது. 1 முதல் 8 வரை ஃபார்வர்டுகள். முட்டித் தள்ளிப் பந்தைப் பிடுங்கிக் கொடுப்பது அவர்கள் வேலை. 9 முதல் 15 வரை பேக்ஸ். அந்தப் பந்தை வைத்துக்கொண்டு ஓடுவதும் உதைப்பதும் இவர்கள் வேலை. 9, 10 இரண்டு பேரும்தான் ஆட்டத்தின் போக்கைத் தீர்மானிப்பவர்கள்.

எல்லோரும் முதலில் 10 யார், 15 யார் என்று பார்ப்பார்கள். நீங்கள் கீழேயிருந்து படியுங்கள். மாற்று எட்டுப் பேரில் மூன்று இடம் விதிப்படியே போய்விடும். முன்வரிசையின் மூன்று இடங்களுக்கும், அதாவது 1, 2, 3க்கு, அந்தந்த இடத்தில் ஆடப் பயிற்சி பெற்ற மாற்றாள் இருந்தே தீர வேண்டும். வேறொருவரை அங்கே நிறுத்தினால் கழுத்தெலும்புக்கே ஆபத்து. மிச்சம் ஐந்து இடம். அதில் இரண்டு ஃபார்வர்டு, மூன்று பேக்ஸ் வைத்தால், முன்வரிசை மூவரையும் சேர்த்து ஐந்து ஃபார்வர்டு ஆகிறது, அதற்கு 5-3 என்று பேர். வழக்கமான ஏற்பாடு இதுதான். ஃபார்வர்டை ஒன்று கூட்டினால் 6-2. இரண்டு கூட்டினால் 7-1. வியாழக்கிழமை உங்கள் வீட்டில் முதல் சண்டை இதில்தான் வரும்.

7-1 வைப்பவர்களின் கணக்கு எளிமையானது. 50 நிமிடம் முட்டி மோதிக் களைத்துப்போன எட்டுப் பேருக்கு எதிராக, களைப்பே இல்லாத ஏழு பேரைக் கொஞ்சம் இடைவெளியில் இறக்கிவிடுவது. தென்னாப்பிரிக்கா 2023 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இதைத்தான் செய்தது, நியூசிலாந்தை 12-11 என்று வென்றது. கோளாறு எங்கே வரும் என்றால், பேக்ஸில் இரண்டு பேர் அடிபட்டால் மாற்ற ஆளே இல்லை. 2025 மார்ச்சில் டப்ளினில் அயர்லாந்தோடு ஆடியபோது பிரான்சும் 7-1தான் வைத்திருந்தது. ஆட்டம் அரை மணி நேரம் ஆவதற்குள் கேப்டன் அந்துவான் துபோனுக்கு முழங்காலில் அடி. இருந்த ஒரே மாற்று பேக் மக்ஸிம் லுக்கு அங்கேயே செலவாகிவிட்டார். அப்புறம் பேக்ஸில் சென்டர் என்ற இடத்தில் ஆடிய பராஸியும் வெளியேற, ஃபார்வர்டான ஒஸ்கார் ஜெகுவை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். அவரே ஒரு ட்ரை போட்டார் (எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்துவது), பிரான்ஸ் 42-27 என்று ஜெயித்தது. நடந்துவிட்டது என்பதற்காக அது நல்ல யோசனை ஆகிவிடாது. என் கட்சி 5-3, அதிகம் போனால் 6-2. பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பரவாயில்லை.

அடுத்து 3ஆம் எண்ணைத் தேடுங்கள். பேப்பரில் அவர் பேர் பெரிதாக வராது. ஸ்க்ரம் என்று எட்டுக்கு எட்டு பேர் குனிந்து முட்டுகிறார்களே, அதில் 3ஆம் எண்காரரின் தலை எதிரணியின் இரண்டு பேருக்கு நடுவில் மாட்டியிருக்கும். இரண்டு பக்கத்துச் சுமையும் அவர் தோளில். ஒரு பக்கத்துக்கு எட்டுப் பேரும் சேர்ந்து ஏறக்குறைய 900 கிலோ. நடுவர் மூன்று முறை குரல் கொடுப்பார். முதல் குரலுக்குக் குனிவார்கள். இரண்டாவதற்கு ஓரத்து ஆட்கள் எதிராளியின் சட்டையை வெளிக்கையால் பற்றுவார்கள். மூன்றாவதற்கு முட்டுவார்கள். அதன் பிறகுதான் பந்து உள்ளே போகும். டிவியில் நீங்கள் பார்க்க வேண்டியது பந்தை இல்லை, அந்த வெளிக்கையின் முழங்கையை. முழங்கை மேலே தூக்கியிருந்தால் ஆள் நிலையாக இருக்கிறார். கீழே தொங்க ஆரம்பித்தால் சட்டைப் பிடி நழுவுகிறது, அடுத்த நொடி ஸ்க்ரம் சரியும், நடுவர் விசில் ஊதிப் பெனால்ட்டி கொடுப்பார். நேராகத் தள்ளாமல் சாய்வாகத் தள்ளினாலும் பெனால்ட்டிதான். முதல் மூன்று ஸ்க்ரமில் எந்த அணியின் முழங்கை இறங்குகிறது என்று கவனித்தால், கடைசி இருபது நிமிடம் யாருக்குச் சிரமம் என்று சொல்லிவிடலாம். ஏனென்றால் நடுவர் மனதில் ஒரு அணி குற்றவாளி என்று பதிந்துவிட்டால் பிறகு சந்தேகமான சரிவுகளும் அவர்கள் கணக்கிலேயே ஏறும். அதனால்தான் நடுவர் யார் என்பதையும் வாரத் தொடக்கத்திலேயே விசாரிக்கிறார்கள்.

உங்கள் பிள்ளைகள் ஸ்க்ரமை மெலே என்பார்கள், ட்ரையை எஸ்ஸே என்பார்கள். அதே விஷயங்களுக்குப் பிரெஞ்சுப் பேர்கள், அவ்வளவுதான், குழம்ப வேண்டாம்.

புள்ளிக் கணக்கு: ட்ரைக்கு 5. ட்ரை போட்டதும் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கன்வெர்ஷனுக்கு 2. பெனால்ட்டி உதைக்கு 3. ஓட்டத்திலேயே பந்தைத் தரையில் தட்டி உதைக்கும் டிராப் கோலுக்கும் 3. கன்வெர்ஷனை, ட்ரை போட்ட இடத்துக்கு நேர் கோட்டில் எவ்வளவு தூரம் பின்னால் போயும் உதைக்கலாம். ஆகவே மூலையில் போட்ட ட்ரை பல சமயம் 5தான், கம்பத்துக்குக் கீழே போட்டது 7. ஆட்டக்காரர் கோல் கோட்டைத் தாண்டிய பிறகும் உள்பக்கமாக வளைந்து ஓடுவது அதற்காகத்தான். உதைப்பவர் ஓட ஆரம்பித்த கணத்தில் எதிரணி கோல் கோட்டிலிருந்து பாய்ந்து வந்து பந்தைத் தடுக்கலாம். 2023 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரான்சின் தோமா ரமோஸ் உதைத்த ஒரு கன்வெர்ஷனைத் தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பி அப்படித்தான் பாய்ந்து தடுத்தார். இரண்டு புள்ளி போனது. பிரான்ஸ் 28-29 என்று ஒரு புள்ளியில் சொந்த மண்ணில் வெளியேறியது. இந்தப் பேச்சைப் பிள்ளைகளிடம் எடுக்கும்போது கொஞ்சம் பதமாக எடுங்கள்.

பெனால்ட்டி கிடைத்ததும் கேப்டன் என்ன கேட்கிறார் என்பதுதான் இந்த ஆட்டத்தில் மனசைப் பிடித்து இழுக்கும் இடம். கம்பத்தைக் காட்டினால் மூன்று புள்ளி. நேர் எதிரே 40 மீட்டருக்குள் என்றால் இந்த மட்டத்து ஆட்டக்காரர்கள் தவறவிடுவது அபூர்வம். பந்தைக் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் பக்கவாட்டு எல்லைக்கு வெளியே உதைத்தால், கோட்டுக்கு 5 மீட்டர் தள்ளி லைன்-அவுட், அதாவது இரண்டு அணியும் வரிசையாக நிற்க நடுவில் பந்தை எறிவது, எறிவதும் அவர்களே. அங்கே ஒருவர் எகிறிப் பிடித்து இறங்கியதும் மற்றவர்கள் சுற்றி அணைத்துக்கொண்டு வில்லியனூர் தேர் மாதிரி அசைந்து அசைந்து கோட்டுக்கு நகர்வார்கள். அதற்கு மால் என்று பேர். எறிவது நேராக இல்லாவிட்டால் எல்லாம் வீண். எதிரணி அப்படி நகரும் கூட்டத்தைத் தரையில் சாய்த்து நிச்சயமான ஒரு ட்ரையைக் கெடுத்தால் உதைக்காமலே 7 புள்ளி, கூடவே ஒருவருக்கு மஞ்சள் அட்டை, பத்து நிமிடம் வெளியே. ஆட்டம் நெருக்கமாக இருக்கும்போது முதல் பாதியிலேயே மூன்றை விட்டுவிட்டு ஏழுக்குப் போகிற கேப்டன்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

இங்கிலாந்து என்றால் மட்டும் ஏன் இத்தனை பரபரப்பு என்றும் கேட்பீர்கள். இவர்கள் மோதத் தொடங்கியது 1906இல். பழைய கதையை விடுங்கள், அண்மைக் கணக்கைப் பாருங்கள். 2023இல் லண்டன் ட்விக்கனத்தில் பிரான்ஸ் 53-10 என்று இங்கிலாந்தை நொறுக்கியது. 2024இல் லியோனில் இங்கிலாந்து 31-30 என்று முந்திவிட்டது. கடைசி நிமிடத்தில் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து ரமோஸ் உதைத்த பெனால்ட்டி உள்ளே போய் 33-31. 2025இல் மறுபடி ட்விக்கனம். கைக்கு வந்த வாய்ப்பையெல்லாம் பந்தை நழுவவிட்டே பிரான்ஸ் தொலைத்தது. கடைசியில் எலியட் டேலி போட்ட ட்ரையும் அதன் கன்வெர்ஷனும் சேர்ந்து 26-25 என்று இங்கிலாந்து ஜெயித்தது. இந்த மூன்றையும் பார்த்த பிள்ளைகளுக்கு எப்படித் தூக்கம் வரும்?

இந்த ஆட்டம் இடம்பெறும் ஆறு நாடுகள் (சிக்ஸ் நேஷன்ஸ்) போட்டியில் நம் நாட்டுச் சம்பந்தமும் ஒன்று உண்டு. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் ஆடும் கல்கத்தா கோப்பை, கலைந்துபோன கல்கத்தா கிளப் ஒன்றின் கையிருப்பு வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது. கைப்பிடிகள் நாகப்பாம்பு, மூடி மேல் யானை. பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்லுங்கள்.

இனி வீட்டு ஏற்பாடு. பாரிஸுக்கும் நமக்கும் இப்போது நாலரை மணி நேர வித்தியாசம். மார்ச் கடைசி ஞாயிற்றிலிருந்து மூன்றரை. அங்கே சனி இரவு 9 மணி என்றால் இங்கே ஞாயிறு விடிகாலை 1:30. அலாரத்தைச் சனிக்கிழமை விடிகாலைக்கு வைத்துவிட்டு ஏமாறுவது ஒன்று, ஞாயிறு இரவு என்று நினைத்து ஆட்டத்தையே தவறவிடுவது இன்னொன்று. இரண்டும் அடிக்கடி நடப்பதுதான். 40 நிமிடம் வீதம் இரண்டு பாதி, இடைவேளை 15 நிமிடம், நடுவில் கடிகாரம் நிற்கும் நேரம் எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேலே போகும். மூன்றரை வரை விழித்திருக்க வேண்டும். சனி மதியம் எல்லோரையும் இரண்டு மணி நேரம் தூங்க வையுங்கள்.

எந்தச் சேனல், எந்தச் செயலி என்பதை வெள்ளிக்கிழமையே திறந்து, சந்தா கட்டி, வேறு ஏதாவது ஒரு நேரலையை ஓட்டிப் பாருங்கள். ஒன்றரை மணிக்கு ஓடிபி வராமல் தவிக்கக் கூடாது. கரண்ட் போனால் டிவி இன்வெர்ட்டரில் ஓடும். வைஃபை பெட்டி எந்தப் பிளக்கில் இருக்கிறது என்று பாருங்கள், பல வீடுகளில் அது இன்வெர்ட்டர் லைனில் இருக்காது. 43 அங்குல டிவி, ஒரு மின்விசிறி, வைஃபை பெட்டி மூன்றும் சேர்ந்து 200 வாட்டுக்குள்தான். 150 ஏஎச் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் முழு ஆட்டத்துக்கும் தாராளம். நாலைந்து வருடப் பழைய பேட்டரி என்றால் நம்ப வேண்டாம், ஒரு கைப்பேசியில் டேட்டா போட்டுத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் பார்த்தால் படம் அரை நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாக வரும். துலூஸில் உங்கள் அண்ணன் டிவியில் முன்னாலேயே பார்த்துவிட்டு வாட்ஸாப் குழுவில் கத்துவார். ஆட்டம் முடியும் வரை குடும்பக் குழுவை மியூட்டில் போடுங்கள், அண்ணனுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

80ஆவது நிமிடம் வந்ததும் எழுந்துவிடாதீர்கள். கடிகாரம் முடிந்தாலும் பந்து உயிரோடு இருக்கும் வரை ஆட்டம் ஓடும். பெனால்ட்டி கிடைத்தால் அதை வெளியே உதைத்து, லைன்-அவுட் எடுத்து மறுபடி தாக்கலாம். ஏழு புள்ளியோ அதற்குக் குறைவோ வித்தியாசத்தில் தோற்றால்கூட ஒரு போனஸ் புள்ளி உண்டு. தோற்கும் அணி கடைசி நொடியில் மூன்று புள்ளிக்கு உதைத்தால், எதற்கு வீணாக என்று நினைக்காதீர்கள், போட்டி அட்டவணையில் அந்த ஒரு புள்ளிக்காகத்தான்.

பட்டியல் வந்ததும் 16 முதல் 23 வரை உள்ள எட்டுப் பேரையும் எழுதி அனுப்புங்கள். எந்த நிமிடத்தில் யாரை இறக்குவார்கள் என்று வெள்ளிக்கிழமை இரவுக்குள் என் கணிப்பை எழுதிவிடுகிறேன். பெரியவனுடைய கணிப்பையும் தனியாக எழுதி வாங்கி வையுங்கள்.