நத்தார் அவசரத்தில் செபத்துக்கு நேரமே கிடைப்பதில்லை, மனது வறண்டுபோகிறது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

திருகோணமலையில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மற்றவர்களுக்கு டிசம்பரில் வரும் நெருக்கடி எனக்கு நவம்பர் நடுவிலேயே வந்துவிடும். பிள்ளைகளின் சட்டை, சாரி பிளவுஸ், கடைசி நேரத்தில் "இதை மட்டும் தைச்சுத் தாங்கக்கா" என்று வருகிறவர்கள். மாரி மழை வேறு. அதனால் உங்கள் கேள்வி எனக்கு நன்றாகவே புரிகிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு நடுச்சாமப் பூசை. எனக்கு முன் வாங்கில் நான் தைத்த சட்டையோடு ஒரு சின்னப் பிள்ளை நின்றாள். கீழ் மடிப்பு ஒரு பக்கம் அரை அங்குலம் இறங்கியிருந்தது. வானவர் கீதம் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பாலனைக் குடிலில் வைத்தது எப்போது என்றே தெரியாது. வீட்டுக்கு வந்து கேக் வெட்டும்போது அழுகை வந்தது. களைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த வருடம் வீராப்பாகத் தொடங்கினேன். திருவருகைக் காலம் முழுக்க விடியற்காலைப் பூசை, இரவு முழுச் செபமாலை, வெள்ளிக்கிழமை ஒருசந்தி. ஐந்தாம் நாள் எல்லாம் விழுந்துவிட்டது. மிச்சமிருந்தது குற்ற உணர்ச்சிதான். அதையும் சேர்த்துச் சுமந்துகொண்டு தைத்தேன். புதிதாக நேரம் உண்டாக்கப் பார்ப்பது என்னைப் போன்றவர்களுக்குச் சரிவராது.

இப்போது செய்வது ஒன்றே ஒன்றுதான். லூக்கா நற்செய்தியில் 24 அதிகாரங்கள். டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கு ஒன்று. இது என் கண்டுபிடிப்பு இல்லை, பலரும் செய்வதுதான். நான் போனில் கேட்கிறேன். மெசின் ஓடும்போது காதில் விழாது. ஆகவே பொத்தான், கொக்கி, கைத்தையல் வேலையை அந்த நேரத்துக்கென்று ஒதுக்கி வைத்துவிடுவேன். முதல் அதிகாரம் 80 வசனம், கொஞ்சம் நீளம். மூன்றாவதில் வரும் தலைமுறை அட்டவணையில் கவனம் பாதிதான் இருக்கும், மறைக்கவில்லை.

பத்தாம் திகதி மார்த்தா வருவாள். விருந்தாளிக்காக அடுக்களையில் ஓடித் திரிகிறவள், தங்கை மரியாளோ ஆண்டவரின் காலடியில். இந்த இடத்தைச் சொல்லிச் சொல்லியே டிசம்பரில் பெண்களுக்குப் புத்திமதி சொல்கிறார்கள். எனக்கென்னவோ மார்த்தாவை விட்டுக்கொடுக்க மனமில்லை. அவளும் அவரிடம் வந்துதானே முறையிடுகிறாள்? நானும் ஊசியைப் பிடித்தபடி முறையிடுகிறேன். பல நாள் என் செபம் அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது வேறு. இரண்டாம் அதிகாரத்தில் பிள்ளையைத் துணிகளில் பொதிந்து தீவனத் தொட்டியில் கிடத்துகிறாள் தாய். அது 2ஆம் திகதியே வந்துவிடும், வேலை மும்முரத்தில் கடந்தும் போகும். 23ஆம் திகதி, வாசலில் ஆட்கள் உடுப்புக்குக் காத்து நிற்கும் நாளில், அரிமத்தியா யோசேப்பு ஆண்டவரின் உடலை மெல்லிய துணியில் சுற்றிக் கல்லறையில் வைக்கிறார். 24ஆம் திகதி பேதுரு கல்லறைக்குள் குனிந்து பார்க்கிறார். துணிகள் மட்டும் கிடக்கின்றன. மூன்று இடத்திலும் துணி! சின்ன வயதிலிருந்து கேட்ட வாசகங்கள்தான், இரண்டு வருடம் வரிசையாகக் கேட்ட பிறகுதான் இது பிடிபட்டது. அன்றைக்கு ஒரு குழந்தையின் ஞானஸ்நான உடுப்புக்கு ரேந்தை வைத்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. பூசை முழுக்கக் கண்ணை உறுத்திய அந்தக் கீழ் மடிப்பும் ஞாபகம் வந்தது. துணியைப் பார்ப்பதில் பிழையில்லை, நான் பார்த்த விதம்தான் வேறு.

உங்கள் வேலை என்னவோ தெரியாது. கடைக்காரர், சமையல் செய்கிறவர், தாதி, யாராக இருந்தாலும் அந்த 24 அதிகாரத்துக்குள் உங்களுடைய சாமான் ஒன்று எங்கேயாவது கிடக்கும். தேட வேண்டாம், கேட்டுக்கொண்டே இருங்கள்.

அப்புறம், தவறவிட்டால் பதற வேண்டாம். போன வருடம் நான் 19இல் நின்றுவிட்டேன். மிச்சத்தை 25க்குப் பிறகு கேட்டேன். கடைக்காரருக்குத்தான் நத்தார் 25ஆம் திகதியோடு முடியும். திருச்சபைக்கு அன்றைக்குத்தான் காலமே தொடங்குகிறது, சனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை போகும். அந்த நாட்களில் என் மெசினுக்கு உறை போட்டிருப்பேன்.

எங்கள் ஊரில் 26ஆம் திகதிக்கு இன்னொரு கனம் உண்டு. 2004இல் அது ஞாயிற்றுக்கிழமை, கடல் உள்ளே வந்த நாள். எங்கள் வீட்டில் அன்று காலை பாட்டுப் போடுவதில்லை. குடிலுக்கு முன் ஒரு மெழுகுதிரி கொளுத்துவோம். மிச்ச அதிகாரங்களை அங்கே இருந்துதான் கேட்டேன், கையில் ஊசி இல்லாமல்.