மஞ்சள் காமாலை ‘ஈ’ வகை நம் பக்கம் அரிதா?

கேள்வி: பாலக்கோடு பக்கத்துக் கிராமம். அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ரத்தத்தைச் சோதித்துவிட்டு ‘ஹெபடைடிஸ் ஈ’ என்றார்கள். நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. அரிதான நோயா? ஒரே வீட்டில் இருக்கிறோம், என் மனைவிக்கு இது 7வது மாதம்.

பதில்: பெயர்தான் புதிது, கிருமி பழையது. நம் நாட்டில் பெரியவர்களுக்குத் திடீரென வரும் காமாலைக்கு முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று. 1955-56இல் டெல்லியில் குடிநீரில் சாக்கடை கலந்து ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை வந்தது. ‘ஏ’ வகை என்றே நினைத்தார்கள். எடுத்துவைத்த ரத்தத்தை 1980 வாக்கில் சோதித்தபோதுதான் அது ‘ஏ’ இல்லை என்று தெரிந்தது; பிறகு ‘ஈ’ என்று உறுதியானது.

கண் மஞ்சளானவர்களை மட்டும் எண்ணினால் உண்மைக் கணக்கு வராது. தொற்றிய பலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, எதுவுமே தெரியாமல் போய்விடும். கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்களில், ரத்தத்தில் ‘ஐஜிஎம்’ இருந்தால் இப்போதைய தொற்று, ‘ஐஜிஜி’ மட்டும் இருந்தால் என்றோ வந்துபோனது. ஊரில் எத்தனை பேருக்கு வந்திருக்கிறது என்பதை இப்படித்தான் கணிக்கிறார்கள்.

அண்ணன் பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடுவார். மது கூடாது, மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையோ பச்சிலையோ வேண்டாம். எனக்குக் கவலை உங்கள் மனைவியைப் பற்றித்தான். கடைசி மூன்று மாதத்தில் இது தொற்றினால் ஈரல் செயலிழந்து, 100 பேரில் 20, 25 பேர் வரை உயிரிழக்கலாம்.

ஆளிடமிருந்து ஆளுக்கு இது எளிதில் தொற்றாது, தண்ணீர்தான் வழி. நம் தர்மபுரி மாவட்டத்தில் தண்ணீர் என்றாலே, பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு உப்பின் பயம்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் வந்தபின் பலருக்கு அந்தப் பயம் குறைந்திருக்கிறது. ஆனால் வழியில் குழாய் உடைந்து சாக்கடை கலந்தால் எந்தத் தண்ணீரிலும் இந்தக் கிருமி வரும். அதனால் குழாய்த் தண்ணீரையும் தளதளவெனக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். போர்வெல் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது.

அப்புறம், அண்ணன் குடித்த தண்ணீரைத்தானே உங்கள் மனைவியும் குடித்திருப்பார்? கிருமி உள்ளே போய் 2 முதல் 10 வாரம் கழித்துக்கூட நோய் காட்டும். இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி, ஈரல் பரிசோதனை செய்யுங்கள். பிரசவம்வரை கவனமாக இருங்கள். வாந்தி, சாப்பாட்டில் வெறுப்பு, அடர் மஞ்சளாகச் சிறுநீர் என்றால் கீழாநெல்லி கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். பேச்சில் குழப்பமோ அளவுமீறிய தூக்கமோ தெரிந்தால், நள்ளிரவானாலும் 108ஐ அழைத்துத் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.