வாசகர் கேள்வி – பதில்: யாரும் எடுக்காத குவார்ட்டர்பேக்

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகன் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த ஊர் ஃபுட்பால் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறான். அவன் சொல்லிச் சொல்லி டாம் பிரேடி எனக்கே பழக்கமாகிவிட்டார். அவரைத் தவிர, கல்லூரிக் காலத்திலிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய குவார்ட்டர்பேக் ஒருவரைச் சொல்லுங்களேன். (வாசகி, திருச்சி)

பதில்: வாரன் மூன். யோசிக்கவே வேண்டாம் அம்மா, என் பதில் இவர்தான்.

குவார்ட்டர்பேக் என்றால், ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வந்து சேருவது அவர் கைக்கு. எதிரணிக்காரர்கள் மேலே வந்து விழுவதற்குள், இரண்டு மூன்று விநாடிக்குள், யாருக்கு எறிவது என்று அவர் முடிவெடுக்க வேண்டும். அணியின் மூளை அந்த இடம்தான். அதனாலேயே 1970களில் கறுப்பின இளைஞர்களுக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை. எவ்வளவு நன்றாக எறிந்தாலும் சரி, 'நீ வேகமாக ஓடுகிறாய், வேறு இடத்தில் ஆடு' என்று சொல்லி மாற்றிவிடுவார்கள். மூன் மாற மறுத்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் பள்ளி முடித்து, அங்கேயே இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் ஒரு வருடம் ஆடி, குவார்ட்டர்பேக்காகவே எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்த சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு 1975இல் போனார். அங்கேயும் சொந்த மைதானத்தில் சொந்த ரசிகர்களே அவரைக் கூச்சல் போட்டு விரட்டப் பார்த்தார்கள். பயிற்சியாளர் டான் ஜேம்ஸ் மட்டும் அவரை மாற்றவில்லை. 1977 சீசனின் முதல் நான்கு ஆட்டங்களில் மூன்று தோல்வி, அப்புறம் அதே அணி ரோஸ் பவுல் என்ற பெரிய கல்லூரி ஆட்டம் வரை போய், 1978 ஜனவரியில் பலம் வாய்ந்த மிஷிகன் பல்கலைக்கழக அணியை 27–20 என்று வென்றது. இரண்டு டச்டவுனை (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) மூனே ஓடி எடுத்தார், இன்னொன்றுக்கு எறிந்து கொடுத்தார். ஆட்ட நாயகனும் அவரே.

கேள்வி: ரோஸ் பவுல் நாயகனை என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) அணிகள் போட்டி போட்டு எடுத்திருக்க வேண்டுமே? (வாசகர், சேலம்)

பதில்: எடுத்திருக்க வேண்டும். அணிகள் முறை வைத்துக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அந்த வருட டிராஃப்டில் 12 சுற்றுகள், முன்னூறுக்கும் மேற்பட்ட பெயர்கள், அதில் வாரன் மூன் இல்லை. அதே டிராஃப்டில் டக் வில்லியம்ஸ் என்ற கறுப்பின குவார்ட்டர்பேக்கை டாம்பா பே அணி முதல் சுற்றிலேயே எடுத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கதவு முழுக்க மூடியிருக்கவில்லை, ஆனால் ஒருவர் உள்ளே போகும் அளவுக்குத்தான் திறந்திருந்தது. மூனிடம் ஆர்வம் காட்டியவர்களும் இடத்தை மாற்றிக்கொள் என்ற பழைய பாட்டையே பாட, அவர் கனடாவுக்குப் போய்விட்டார்.

எட்மண்டன் அணி, பயிற்சியாளர் ஹியூ கேம்பல். முதல் சில சீசன்களில் டாம் வில்கின்சன் என்ற மூத்த குவார்ட்டர்பேக்கோடு ஆட்டத்தைப் பங்கிட்டுக்கொண்டு பொறுமையாகக் கற்றார். கனடா ஆட்டத்தில் மைதானம் நீளம் 110 கஜம், அகலமும் அதிகம், 10 கஜம் முன்னேறுவதற்கு அமெரிக்காவில் போல நான்கு வாய்ப்பு கிடையாது, மூன்றுதான். ஓடி ஓடி மெதுவாக நகர நேரமில்லை, எறிந்தே ஆக வேண்டும். அவர் கைக்கென்றே செய்தது போன்ற ஆட்டம் அது. 1978 முதல் 1982 வரை வரிசையாக ஐந்து கிரே கோப்பைகள் (கனடா லீக்கின் சாம்பியன் கோப்பை). 1983இல் ஒரே சீசனில் எறிந்தே 5,648 கஜம் முன்னேற்றினார். இதை 'வீணான ஆண்டுகள்' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. அவரை முழுமையான குவார்ட்டர்பேக்காக ஆக்கியதே எட்மண்டன்தான். அநியாயம் அவரை அங்கே போக வைத்ததில் இருக்கிறது, அங்கே அவர் ஆடியதில் இல்லை.

1984இல் என்எஃப்எல் அணிகள் அவருக்காக முட்டி மோதின. கேம்பல் பயிற்சியாளராகப் போயிருந்த ஹூஸ்டன் ஆயிலர்ஸைத் தேர்ந்தெடுத்தார். அப்போது வயது 27.

கேள்வி: சூப்பர் பவுல் ஜெயித்தாரா? (வாசகர், கோவை)

பதில்: இல்லை, என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் ஆடும் வாய்ப்பே வரவில்லை. 1993 ஜனவரியில் பஃபலோ அணியோடு அந்த ஊரில் நடந்த பிளேஆஃப் (சீசன் முடிந்தபின் வரும் நாக்-அவுட்) ஆட்டத்தில் ஹூஸ்டன் 35–3 என்று முன்னால் இருந்து, கூடுதல் நேரத்தில் 41–38 என்று தோற்றது. பிளேஆஃப் வரலாற்றில் இதைவிடப் பெரிய பின்னடைவிலிருந்து யாரும் மீண்டு ஜெயித்ததில்லை. பழியை மூன் தலையில் போடுவார்கள். கூடுதல் நேரத்தில் அவர் எறிந்த பந்தை எதிரணி பிடித்தது உண்மை, ஆனால் அன்று அவர் நான்கு டச்டவுனுக்கு எறிந்தார். 32 புள்ளி முன்னிலையைக் காக்க முடியாதது தடுப்பாட்டக்காரர்கள்தானே!

அப்புறம் மினசோட்டா, நாற்பது வயதில் மறுபடி சியாட்டில், கடைசியாகக் கன்சாஸ் சிட்டி. என்எஃப்எல்லில் மட்டும் 49,325 கஜம், 291 டச்டவுன். 2006இல், தலைசிறந்த வீரர்களுக்கான கௌரவ மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. அங்கே நுழைந்த முதல் கறுப்பின குவார்ட்டர்பேக், டிராஃப்டில் எடுக்கப்படாத முதல் குவார்ட்டர்பேக், இரண்டும் அவர்தான். கனடாவின் ஹால் ஆஃப் ஃபேம் அதற்கு முன்பே அவரைச் சேர்த்துக்கொண்டது.

திருச்சி வாசகிக்கு இன்னும் ஒன்று: மகனிடம் 1990 டிசம்பர் 16, கன்சாஸ் சிட்டி ஆட்டத்தைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே நாளில் 527 கஜம். பிரேடி தன் வாழ்நாளில் எந்த ஆட்டத்திலும் எறிந்ததைவிட அதிகம்.